தீபாவளிக்கு போன், லேப்டாப் சாமான் பரிசு: மாடல் எண்ணில் தொடங்கி டெம்பர் ஒட்டுவது வரை

என் சித்தியின் பீரோவில் ஒரு போன் பவுச் இருக்கிறது. கருநீலம், ஓரத்தில் வெள்ளைத் தையல், தொட்டால் மெத்தென்று இருக்கும். மூன்று தீபாவளிக்கு முன்னால் நான் வாங்கிக் கொடுத்தது. உறையைப் பிரித்த கையோடு போனை அதற்குள் அழுத்தினோம். உள்ளே போய்விட்டது. ஆனால் கேமராவுக்கான ஓட்டை ஒரு நெல்மணி அளவு தள்ளி இருந்தது. படம் எடுத்தால் மூலையில் கறுப்பாக ஒரு பிறை. கடையில் நான் சொன்ன பெயர் சரிதான். அதே பெயரில் 4ஜி ஒன்று, 5ஜி ஒன்று என இரண்டு போன்கள் உண்டு என்பது எனக்குத் தெரியாது, கடைக்காரரும் கேட்கவில்லை. "பரவால்லடா, ரொம்ப அழகா இருக்கு" என்று சொல்லி சித்தி அதைப் புடவைகளுக்கு நடுவில் வைத்தார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

சட்டை கொஞ்சம் தொளதொளவென்று இருந்தாலும் போட்டுக்கொள்ளலாம். பவுச்சுக்கும் சார்ஜருக்கும் லேப்டாப் உறைக்கும் அந்தச் சலுகை கிடையாது. பொருந்தவில்லை என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் பீரோதான். அதனால் இந்த வழிகாட்டியில் நிறமும் பளபளப்பும் பின்னால்தான் வரும். முதலில் கருவி, அடுத்து ஆள், அதற்கப்புறம்தான் அழகு.

1. சந்தேகம் வராமல் மாடலைக் கண்டுபிடியுங்கள்

"உங்க போன் என்ன மாடல்?" என்று நேராகக் கேட்டால் "சாம்சங்" என்றோ "ரெட்மி" என்றோதான் பதில் வரும். அதோடு "எதுக்கு கேக்கற?" என்று ஒரு சந்தேகமும் வரும். நமக்கு வேண்டியது முழுப் பெயர். ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸின் கடைசியில் இருக்கும் அபவுட் போன் பக்கத்தில் பெயரும் மாடல் எண்ணும் இருக்கும். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட். பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் வாலை விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்: புரோ, பிளஸ், மேக்ஸ், அல்ட்ரா, எஃப்இ, 4ஜி, 5ஜி. பெரும்பாலான தவறுகள் அந்த வாலில்தான் நடக்கின்றன.

அந்த வீட்டில் பத்து, பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை இருந்தால் உங்கள் வேலை முடிந்தது. விஷயத்தைச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் ஸ்கிரீன்ஷாட் வந்துவிடும். இல்லையென்றால் போனின் முதுகை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேமரா எத்தனை, எந்த வரிசையில் என்று கடையில் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

ஐபோன் என்றால் இன்னொன்றும் தெரிய வேண்டும். 2023 செப்டம்பரில் வந்த ஐபோன் 15 முதல் டைப்-சி பின். 14-உம் அதற்கு முந்தையவையும் லைட்னிங் பின். "ஐபோன் கேபிள் ஒன்று கொடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் பாதி வாய்ப்பு போச்சு.

லேப்டாப்புக்கு அளவுதான் முக்கியம். 14 அங்குலம், 15.6 அங்குலம் என்று சொல்வதெல்லாம் திரையின் குறுக்களவு, உடம்பின் அளவு அல்ல. ஓரப்பட்டை அகலமான பழைய 15.6 அங்குல லேப்டாப் போகாத உறைக்குள் புதிய 15.6 சுகமாகப் போகும். டேப் வைத்து அளந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால் நான் ஏ4 தாளைப் பயன்படுத்துகிறேன். ஏ4 என்பது 29.7 சென்டிமீட்டருக்கு 21. மூடிய லேப்டாப்பின் மேல் ஏதோ பிரின்ட் அவுட் வைப்பதுபோல ஒரு தாளை வைத்து, எந்தப் பக்கம் எத்தனை விரல் வெளியே நீட்டுகிறது என்று பார்த்தால் போதும். 13 அங்குல மேக்புக் ஏர் கிட்டத்தட்ட ஏ4 அளவேதான்; ஒரு பக்கத்துக்கு அரை சென்டிமீட்டர்கூடக் கூடுதல் இல்லை. வழக்கமான 15.6 அங்குல லேப்டாப் நீளவாக்கில் ஆறு சென்டிமீட்டரைப் போலத் தாண்டி நிற்கும்.

அப்படியே அந்த லேப்டாப்பின் சார்ஜரைத் திருப்பி அவுட்புட் என்ற வரியையும் படித்துவிடுங்கள். 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்று இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: 65 வாட். பின் உருண்டையா டைப்-சியா என்றும் பாருங்கள். இது பின்னால் தேவைப்படும்.

2. ஒரு வாரம் அவர் எதற்குச் சலித்துக்கொள்கிறார் என்று கேளுங்கள்

மனிதர்கள் தங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்வதில்லை. எது தொல்லை என்று மட்டும் சொல்வார்கள். "படுத்துக்கிட்டே பேச முடியல, வயர் எட்டல" என்பவருக்கு வேண்டியது இரண்டு மீட்டர் கேபிள். தோசை ஊற்றிக்கொண்டே வீடியோ பார்க்க போனை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து வைக்கும் அத்தைக்கு வேண்டியது கனமான அடியுள்ள ஒரு ஸ்டாண்ட். வெளிநாட்டுப் பேரனோடு வீடியோ காலில் பேசும்போது தன் நெற்றியை மட்டுமே காட்டும் தாத்தாவுக்கும் அதே ஸ்டாண்ட்தான். இதுவரை நான் கொடுத்ததிலேயே தினமும் பயன்பட்ட பரிசு எது என்று கேட்டால், ஒரு சாதாரண உலோக ஸ்டாண்டைத்தான் சொல்வேன். ஐந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

ஸ்டாண்ட் வாங்கும்போது மடக்குகிற மூட்டைக் கையால் அசைத்துப் பாருங்கள். விரலால் திரையைத் தட்டினால் தலையாட்டும் ஸ்டாண்ட் வேண்டாம். போனைக் குறுக்கே வைத்தாலும் சார்ஜர் மாட்ட இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெரியவர்கள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. காந்தத்தில் ஒட்டும் பவுச், காந்த ஸ்டாண்ட், காந்த பவர் பேங்க் எல்லாம் இப்போது பார்க்க மிக அழகாக வருகின்றன. 2020-இல் ஐபோன் 12 வரிசையோடு வந்த மேக்சேஃப் என்ற காந்த முறை தொடங்கிவைத்த வழக்கம் இது. ஆனால் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவருக்கு இவற்றைக் கொடுக்காதீர்கள். அந்தப் போனையும் மேக்சேஃப் சாமான்களையும் பேஸ்மேக்கரிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி வைக்க வேண்டும் என்றும், வயர் இல்லாமல் சார்ஜ் ஏறும்போது 30 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி வைக்க வேண்டும் என்றும் ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. சட்டைப் பையில் போன் வைக்கும் வழக்கமுள்ள தாத்தாவிடம் அதெல்லாம் நடக்குமா?

3. பவுச்சும் டெம்பரும்

பவுச்சில் நான் பார்க்கும் முதல் விஷயம் ஓரம். திரையை விட ஒரு முடியளவாவது உயர்ந்து நிற்க வேண்டும்; அப்போதுதான் குப்புற விழுந்தால் தரையில் முதலில் படுவது ரப்பர், கண்ணாடி அல்ல. பின்பக்கம் கேமராவைச் சுற்றியும் அதே போல. பட்டன்கள் மேல் வெறும் ஓட்டையாக விடாமல் மூடியிருந்தால், அழுத்திப் பாருங்கள். கட்டைவிரல் வலித்தால் அது பாட்டிக்கு ஆகாது.

கண்ணாடி போலத் தெரியும் மென்மையான பவுச் எல்லோருக்கும் பிடிக்கும். அது டிபியு என்ற பிளாஸ்டிக். வெயிலும் சூடும் பட்டால் மஞ்சளாகும், அதை யாரும் தடுக்க முடியாது. சில மாதத்தில் பழைய பல் நிறத்துக்கு வந்துவிடும். போனின் சொந்த நிறம் தெரிய வேண்டும் என்று நினைப்பவருக்குப் பின்பக்கம் கெட்டி பாலிகார்பனேட், ஓரம் மட்டும் மென்மை என்று இரண்டும் கலந்த வகை கொஞ்சம் அதிக நாள் தாங்கும்.

'லெதர்' என்று விற்பதில் பெரும்பாலானவை துணியின் மேல் பூசிய பிளாஸ்டிக். கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் அந்தப் பூச்சு செதில் செதிலாக உரியும். சென்னை பீரோக்களில் பழைய ஹேண்ட்பேக்கைத் திறந்தவர்களுக்குத் தெரியும், கை முழுக்கக் கறுப்புப் பொடி. தோலே வேண்டும் என்றால் நிஜத் தோலாக வாங்குங்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் உலகத்துக்கே தோல் அனுப்புகிற ஊர்கள்; நம் பக்கத்தில் நல்ல தோலுக்குப் பஞ்சமில்லை. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். நிஜத் தோலின் ஓரத்தில் நார் தெரியும். பூச்சில் துணி நூல் தெரியும்.

திரையின் மேல் ஒட்டும் டெம்பர் கிளாஸில் 9எச் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது பென்சில் கீறலுக்கான அளவுகோல். ரத்தினக் கற்களை அளக்கும் மோஸ் அளவுகோல் அல்ல. மோஸ் அளவில் மணலில் உள்ள குவார்ட்ஸ் 7, கண்ணாடி அதற்குக் கீழே. அதனால் மெரினா மணல் ஒட்டிய பாக்கெட்டில் போட்டால் 9எச் கண்ணாடியிலும் கீறல் விழும். 11டி, 21டி என்பதெல்லாம் விற்பனைக்காக வைத்த பெயர்கள். ஓரம் வரை பசை இருக்கிறதா, பெட்டியில் துடைக்கிற துணியும் சரியாகப் பொருத்தும் சட்டமும் இருக்கின்றனவா என்று பாருங்கள், அது போதும். திரைக்குள் கைரேகை பார்க்கும் போன் என்றால் அந்த மாடலுக்கென்றே சொல்லப்பட்ட மெல்லிய கண்ணாடியாக வாங்கி, ஒட்டிய பின் கைரேகையை மறுபடி பதியச் சொல்லுங்கள். ஓரம் வளைந்த திரைக்கு டெம்பரே பரிசளிக்காதீர்கள். திரவப் பசை ஊற்றி ஒட்டும் வகை ஸ்பீக்கர் ஓட்டைக்குள் இறங்கினால் உங்கள் பரிசு அவருக்குச் செலவு வைக்கும்.

நிறம்? அவருடைய கைப்பையையும் செருப்பையும் பாருங்கள். எப்போதும் பழுப்பும் கறுப்பும் போடுகிறவர் உங்கள் மயில் பச்சை பவுச்சுக்காக மாறப்போவதில்லை. சந்தேகம் என்றால் போன் நிறத்தை விட ஒரு படி அடர்ந்த நிறம் எடுங்கள், தப்பாகாது. மினுக்குத்தூள் மிதக்கும் தண்ணீர் பவுச் மட்டும் வேண்டாம். அது ஒழுகும்.

4. சார்ஜரும் கேபிளும்: பரிசாகக் கொடுக்கக் கூச்சப்படாதீர்கள்

"போயும் போயும் சார்ஜரா?" என்று தோன்றும். ஆனால் 2020-இல் ஐபோன் 12 வந்தபோது ஆப்பிள் பெட்டிக்குள் சார்ஜர் வைப்பதை நிறுத்தியது, அடுத்த ஆண்டு கேலக்சி எஸ்21 வரிசையில் சாம்சங்கும் நிறுத்தியது. அன்றிலிருந்து பல வீடுகளில் நல்ல சார்ஜர் ஒன்றுதான், சண்டை நாலு பேருக்கு. இப்போது வரும் கேன் சார்ஜர்கள் பார்க்கவும் அழகானவை. சிலிக்கானுக்குப் பதில் கேலியம் நைட்ரைடு என்ற பொருளில் செய்த சில்லு. மின்சாரத்தை வேகமாகத் திறந்து மூடும், சூடு குறைவு, அதனால் உள்ளே இருக்கும் சாமான்களைச் சுருக்க முடிகிறது. லேப்டாப்போடு வந்த செங்கல் போன்ற 65 வாட் சார்ஜர் செய்யும் வேலையைத் தீப்பெட்டி இரண்டை அடுக்கியது போன்ற ஒன்று செய்யும்.

வாங்கும்போது மூன்று விஷயம். முதலாவது, பிடி என்று சொல்லும் பவர் டெலிவரி முறை அதில் இருக்க வேண்டும். அதுதான் பொதுமொழி, டைப்-சி லேப்டாப்பும் ஐபோனும் அதில்தான் பேசும். சாம்சங் போனுக்குப் பிபிஎஸ் என்ற கூடுதல் முறையும் இருந்தால் வேகம் முழுதாகக் கிடைக்கும். ஒன்பிளஸ், ஓப்போ, ரியல்மி போன்றவற்றுக்கு ஒரு சொந்த பாஷை உண்டு. வேறு சார்ஜரிலும் ஏறும், ஆனால் பெட்டியில் வந்த சார்ஜரின் வேகம் வராது. அவர்களுக்கு சார்ஜர் வேண்டாம், வேறு ஏதாவது கொடுங்கள்.

இரண்டாவது, பெட்டியின் பின்பக்கப் பொடி எழுத்து. முன்னால் 65 வாட், மூன்று ஓட்டை என்று இருக்கும். மூன்றிலும் மாட்டினால் மூன்றுக்கும் 65 கிடைக்காது. 45-உம் 20-உமாகப் பிரியும், இல்லை இன்னும் குறையும். லேப்டாப் சார்ஜரில் நீங்கள் பெருக்கிப் பார்த்த எண்ணோடு இதை ஒப்பிடுங்கள். ஏற்கெனவே 65 வாட் கேட்கும் லேப்டாப்பும் போனும் சேர்ந்து ஏற வேண்டும் என்றால் 100 வாட் சார்ஜராகப் பார்ப்பது நல்லது.

மூன்றாவது, போகும் ஊர். சிங்கப்பூர், மலேசியா, லண்டன் உறவுகளுக்கு நம் ஊர் உருண்டை முள் பிளக் கொண்டுபோனால் அவர்கள் அதைச் சுவரில் சொருக ஒரு அடாப்டர் தேட வேண்டும். அங்கெல்லாம் பட்டையான மூன்று முள். அவர்களுக்கு கேபிளே போதும்.

கேபிள் விஷயத்துக்கு வருவோம். இரண்டு டைப்-சி கேபிள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் ஒன்று கட்டை வண்டி, இன்னொன்று எக்ஸ்பிரஸ். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரை தாங்கும். அதற்கு மேல் போக வேண்டும் என்றால் பின்னுக்குள் இ-மார்க்கர் என்ற சின்ன சில்லு இருக்க வேண்டும். சார்ஜர் அந்தச் சில்லைக் கேட்டுத்தான் கூடுதல் மின்சாரம் விடும். 2021-இல் வந்த பவர் டெலிவரியின் புது வடிவம் 240 வாட் வரை அனுமதிக்கிறது. அதனால் லேப்டாப் வைத்திருப்பவருக்கு 100 வாட் அல்லது 240 வாட் என்று அச்சிட்ட கேபிள், போன் மட்டும் என்றால் 60 வாட் போதும்.

வேகமாகச் சார்ஜ் ஏற்றும் கேபிள் வேகமாகப் படங்களையும் அனுப்பும் என்று நினைக்காதீர்கள். தடித்துப் பளபளக்கும் பல கேபிள்கள் உள்ளே யூஎஸ்பி 2.0 தான், நொடிக்கு 480 மெகாபிட். கல்யாண வீடியோ எடுக்கும் தம்பிக்கு என்றால் பெட்டியில் 10 ஜிபிபிஎஸ், அதாவது நொடிக்கு 10 கிகாபிட், என்று எழுதியிருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு சின்ன வினோதம். மலிவான நெக்பேண்ட், டிரிம்மர், கை விசிறி போன்றவற்றில் டைப்-சி ஓட்டை இருக்கும், ஆனால் இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளில் மாட்டினால் ஏறாது. பழைய பட்டை யூஎஸ்பியிலிருந்து வரும் கேபிளில்தான் ஏறும். கருவிக்குள் வைக்க வேண்டிய இரண்டு பைசா ரெசிஸ்டரைச் சிக்கனம் பிடித்ததன் பலன். உங்கள் புது சார்ஜரில் டைப்-சி மட்டும் இருந்தால் "இது வேலை செய்யலையே" என்று போன் வரும். ஒரு பட்டை யூஎஸ்பி ஓட்டையும் உள்ள சார்ஜராக வாங்கிவிட்டால் வம்பில்லை.

அழகு இங்கே எங்கே வருகிறது? நூல் பின்னிய கேபிள், கழுத்தில் தடித்த ரப்பர், சுற்றிக் கட்ட ஒரு நாடா. கேபிள் முதலில் சாவது கழுத்தில்தான். விளையாடுகிறவர்களுக்குப் பின் எல் வடிவில் மடங்கியது கைக்குத் தோதாக இருக்கும்.

5. பவர் பேங்க்

பெட்டியில் 10,000 எம்ஏஹெச் என்று இருக்கும். 5,000 எம்ஏஹெச் போனை இரண்டு முறை நிரப்பும் என்று கணக்குப் போட்டுவிடுவோம். நடப்பது ஒன்றரை முறைதான். அந்த 10,000 உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் சொன்னது. வெளியே அனுப்பும்போது வோல்ட் மாறும், கொஞ்சம் சூடாக வீணாகும். நல்ல நிறுவனங்கள் ரேட்டட் கெபாசிட்டி என்று இன்னொரு எண்ணையும் பொடியாக அச்சிடும், 6,000-ஐ ஒட்டி இருக்கும். அந்த எண்ணே இல்லாத, கைக்கடக்கமான '50,000 எம்ஏஹெச்' பவர் பேங்கைக் கண்டால் விலகிப் போங்கள்.

பரிசு விமானம் ஏறப்போகிறது என்றால் வாட்-மணி கணக்குத் தெரிய வேண்டும். எம்ஏஹெச்சை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 10,000 என்றால் 37, 20,000 என்றால் 74. 100 வரை அனுமதி, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தைக் கேட்க வேண்டும். எதுவானாலும் கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் முதலும், எமிரேட்ஸ் 2025 அக்டோபர் முதலும் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்துவதையே தடை செய்துவிட்டன, எடுத்துப்போகலாம், அவ்வளவுதான். கூரியரில் வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று கடைசி நேரத்தில் எண்ணாதீர்கள். பேட்டரி என்றதும் பல இடங்களில் வாங்க மாட்டார்கள்.

6. லேப்டாப் பக்கம்

இங்கேதான் பரிசுக்கு நிஜமான அழகு சேர்க்க இடம் இருக்கிறது. ஸ்லீவ் என்றால் எல்லோரும் சாம்பல் நிற நியோப்ரீன் ரப்பர் உறையையே எடுக்கிறோம். நீலகிரித் தோடர்களின் பூத்தையல் பார்த்திருக்கிறீர்களா? வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, துணியின் இழையை எண்ணி எண்ணிப் போடுவது; முன்பக்கம் பின்பக்கம் எது என்று தெரியாது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதில் பையும் பர்சும் செய்கிறார்கள். பவானி ஜமுக்காளத்தின் பட்டைக் கோடுகளில் தைத்த பை, பத்தமடைக் கோரைப்பாயில் செய்த பை எல்லாம் கைத்தறி, கைவினைக் கண்காட்சிகளில் கண்ணில் படும். ஏ4 தாளில் எடுத்த அளவைக் கொடுத்து, தெரு முனைத் தையல்காரரிடம் ஜமுக்காளத் துணியில் தைத்து வாங்கினாலும் ஆகும். நீளத்திலும் அகலத்திலும் ஒரு அங்குலம் கூடுதலாக விடச் சொல்லுங்கள்.

ஒரே குறை, இந்தத் துணிகளில் பஞ்சு இல்லை. கீழே விழுந்தால் காப்பாற்றாது. அதனால் உள்ளே மலிவான சாதா நியோப்ரீன் உறை, வெளியே கைத்தறி என்று இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். என் தோழி ஒருத்திக்கு இப்படிக் கொடுத்தேன். அலுவலகத்தில் நாலு பேர் "எங்க வாங்கின?" என்று கேட்டார்களாம். அதைவிட என்ன வேண்டும்? ஜிப் வைத்துத் தைத்தால், ஜிப்பின் உள்பக்கம் துணிப்பட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உலோகப் பல் லேப்டாப் ஓரத்தைத் தினமும் ராவும்.

லேப்டாப் ஸ்டாண்ட் கொடுத்தால் தனியே கீபோர்டும் மவுஸும் இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு கொடுங்கள். திரை கண் உயரத்துக்கு வந்தால் கழுத்து தப்பும், ஆனால் அந்த உயரத்தில் தட்டச்சு செய்தால் மணிக்கட்டு மாட்டிக்கொள்ளும். மவுஸ் என்றால் இடது கைக்காரரா என்று பாருங்கள். ஒரு பக்கம் குழிந்த மவுஸ் அவர்களுக்கு உதவாது. யூஎஸ்பி ஓட்டை குறைவான லேப்டாப்புக்கு புளூடூத் மவுஸ். வேறு எல்லோருக்கும் சின்ன ரிசீவரோடு வரும் மவுஸே தொல்லையில்லாதது. குழந்தை தூங்கும் வீட்டுக்குச் சத்தமில்லா கிளிக்.

தமிழில் எழுதுகிற பெரியப்பாவோ ஆசிரியரோ இருந்தால் தமிழ்99 ஸ்டிக்கர் ஒரு தாள் வாங்கிக் கொடுங்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டிப் பிறந்து, அதே ஆண்டு தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை அது. உயிர் இடது கையில், மெய் வலது கையில். நூறு இருநூறு ரூபாய்ப் பரிசுதான், ஆனால் எனக்குத் தெரிந்த ஒருவர் ஓய்வு பெற்ற பிறகு அதை வைத்துத்தான் குடும்பக் கதையை எழுதத் தொடங்கினார். அடியில் விளக்கெரியும் கீபோர்டு என்றால் ஒளி ஊடுருவும் வகை ஸ்டிக்கர் கேளுங்கள்.

ஒரு ஓட்டையைப் பல ஓட்டையாக்கும் ஹப் வாங்குவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். டைப்-சி ஓட்டை இருந்தாலே டிவிக்குப் படம் போகும் என்றில்லை. சில லேப்டாப்களில் அந்த ஓட்டை தரவுக்கு மட்டும். மாடலின் விவரப் பக்கத்தில் டிஸ்பிளேபோர்ட் அல்லது தண்டர்போல்ட் என்ற சொல் டைப்-சிக்கு எதிரே இருந்தால் மட்டும் எச்டிஎம்ஐ உள்ள ஹப் வாங்குங்கள். 4கே 30 ஹெர்ட்ஸ் என்பதை விட 60 ஹெர்ட்ஸ் நல்லது. முப்பதில் மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நடக்கும்.

கேமரா மூடி ஒட்டும் பரிசு வேண்டாம். கேமராவின் மேல் மூடி இருக்கும்போது மேக்புக்கை மூடினால் திரை உடையக்கூடும் என்று ஆப்பிள் 2020-இல் எச்சரித்தது. மெல்லிய லேப்டாப் எல்லாவற்றுக்கும் இதே பயம் உண்டு.

இயர்பட்ஸ் பற்றி ஒரே வரி: காது அளவு தெரியாத ஆளுக்கு வாங்காதீர்கள்.

7. கடையில் நிற்கும்போது

சென்னை என்றால் அண்ணா சாலைக்கு உள்ளே ரிச்சி தெருதான். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் பூட்டியிருக்கும், போய் ஏமாறாதீர்கள். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே போனால் பெட்டியைத் திருப்பிப் பார்க்க நேரம் கிடைக்கும்; கடைசி வாரத்தில் "ஒரிஜினல்தான் சார், எடுங்க" என்பதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள்.

பெட்டியில் பார்க்க வேண்டியவை: அதிகபட்ச விலை, இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், எந்த நாட்டுத் தயாரிப்பு, மாதமும் ஆண்டும், குறை சொல்ல ஒரு தொலைபேசி எண். பொட்டலப் பொருட்களுக்கான சட்ட விதி இவற்றைக் கேட்கிறது. இதெல்லாம் இல்லாத பெட்டி எவ்வளவு மினுங்கினாலும் கீழே வைத்துவிடுங்கள். சார்ஜர், பவர் பேங்க் இரண்டிலும் கூடுதலாக பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் யார் பெயரில், எந்தப் பொருளுக்குப் பதிவு என்று வரும். ஒருமுறை ஒரு பவர் பேங்க் எண்ணைத் தட்டினேன். சம்பந்தமே இல்லாத வேறொரு பொருளின் பெயர் வந்தது. கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன்.

பில் கேளுங்கள். "பில் போட்டா விலை ஏறும்" என்றால் ஏறட்டும். பரிசைப் பெற்றவர் நாளைக்கு வாரண்டிக்கு அலையும்போது அவர் கையில் இருக்க வேண்டியது அந்தத் தாள்தான். "பத்து நாளுக்குள் மாத்திக்கலாம்" என்று கடைக்காரர் வாயால் சொன்னால் பில்லின் பின்பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள்.

சார்ஜர், கேபிள், பவுச், செல்ஃபி ஸ்டிக், விளக்கு எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில் போட்டு 'தீபாவளி காம்போ' என்று விற்பார்கள். அதில் ஒன்று கூட உருப்படியாக இருக்காது என்பது என் கட்சி. அதே காசில் ஒரே ஒரு நல்ல கேபிள் வாங்கலாம்.

8. கொடுக்கும் நாள்

பவர் பேங்கை முந்தின இரவே முழுதாகச் சார்ஜ் ஏற்றி வையுங்கள். பில்லை உறைக்குள் போட்டு, மேலே விலையை மட்டும் மடித்துவிடுங்கள். அட்டைப்பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு எவர்சில்வர் டப்பாவிலோ மஞ்சப்பையிலோ வைத்துக் கொடுப்பது எனக்குப் பிடிக்கும். பெட்டி குப்பைக்குப் போகும், டப்பா அடுக்களைக்குப் போகும். ஆனால் மாடல் எண்ணும் பதிவு எண்ணும் உள்ள பக்கத்தைக் கத்தரித்து பில்லோடு வைத்துவிடுங்கள்.

டெம்பர் கொடுத்தால் நீங்களே ஒட்டிக் கொடுங்கள். சாப்பாடு முடிந்து எல்லோரும் சாய்ந்திருக்கும் நேரம் நல்லது. முதல் வேலை, மின்விசிறியை நிறுத்துங்கள். தூசு அதிலிருந்துதான் இறங்கும். பட்டாசுப் புகை உள்ளே வராமல் ஜன்னலைச் சாத்துங்கள். இன்னும் சுத்தமான இடம் வேண்டும் என்றால் யாரோ குளித்து முடித்த குளியலறை. ஈரக் காற்றில் தூசு படிந்துவிடும். ஈரத் துணியால் ஒரு முறை, உலர்ந்த துணியால் ஒரு முறை துடையுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்த்து, மிச்சமிருக்கும் துகளை ஒட்டுத் தாளால் தொட்டு எடுங்கள். கண்ணாடியை மேல் ஓரத்தில், முன்கேமராவுக்கு நேராகப் பிடித்து மெல்ல விடுங்கள். நடுவில் ஒரு விரலால் தொட்டால் போதும், தானே பரவும்.

போன வருடம் பாட்டியின் போனுக்கு இப்படித்தான் ஒட்டினேன். ஒரே ஒரு குமிழி மட்டும் மூலையில் நின்றுவிட்டது. நான் நகத்தால் தள்ளிக்கொண்டிருந்தேன். பாட்டி போனை வாங்கி, முந்தானையால் ஒரு அழுத்து அழுத்தித் தேய்த்தார். குமிழி போய்விட்டது. "ஃபேனைப் போடு, வேர்க்குது" என்றார்.